மாஸ்க் கழுவியவள்

"மோந்து பாரு இதை! நீயே மோந்து பாரு!"

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நாத்தனார் அந்த மாஸ்க்கை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மருமகள் பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் அதற்கும் ஒரு அர்த்தம் கற்பிக்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். புளித்த எச்சிலும் வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை நேராக மூக்கில் ஏறியது. காலையில் விழுங்கிய காப்பி தொண்டை வரை வந்து திரும்பியது.

"இப்பதான் அண்ணி அத்தை கழட்டி வெச்சாங்க. இன்னும் கழுவலை. ராத்திரி பூரா மூஞ்சில இருந்தது அப்படித்தான் இருக்கும்…"

"ஓ! நாறினாலும் அதுக்கு ஒரு நியாயம் வெச்சிருக்க! நீ ஒழுங்கா கழுவினா அம்மா கண்ணு ஏன் ரத்தமா செவந்து கிடக்கு? மூக்கு மேல ஏன் புண்ணு? தினமும் காலைல ஏன் தலைவலி?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்…"

"நீ யோசிக்க வேண்டாம். கழுவு. அது போதும்."

நாத்தனார் மாஸ்க்கைத் தொட்டியில் போட்டுவிட்டு, விரல்களைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். பையிலிருந்து வாசனைக் களிம்பை எடுத்து முழங்கை வரை பூசிக்கொண்டாள். பெரிய மரச்சாமான் கடை ஒன்றின் மேலாளர் அவள். வாரம் ஒருமுறை வந்து தம்பி வீட்டையும் அதே கண்ணோடு பார்வையிடுவாள்.

கூடத்தில் மாமியார் கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாளை இன்னமும் எல்லோரும் மைக்கம்மா என்றுதான் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம் என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே வண்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு என்று அவளே பெருமையாகச் சொல்வாள். ஒவ்வொரு எழுத்தும் நறுக்கி வைத்தாற்போல விழும். யாராவது 'வாழை'யை 'வாளை' என்றால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவாள்.

அந்த மைக்கம்மாவுக்குத்தான் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. தொண்டைக்குள் வழி அடைத்துக்கொள்கிறது, அதனால் மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடுகிறது, இரவெல்லாம் படுத்தாலும் தூங்கியதாகாது என்றார் டாக்டர். கட்டில் ஓரத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். மெஷின் தள்ளும் காற்று தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும், சில வாரத்தில் புது மனுஷியாகிவிடுவீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாரங்கள் மாதங்களாயின. புது மனுஷி வரவில்லை. பகலில் செய்தித்தாளைப் பிடித்தபடியே தலை தொங்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். ஒருநாள் சூடான காப்பியை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். தொடை முழுவதும் கொப்புளம். அதற்கும் திட்டு மருமகளுக்குத்தான்… 'அவ்வளவு சூடா ஏன் குடுத்த?'

இந்தப் பராமரிப்புக்காகத்தான் திரைச்சீலை தைக்கும் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டிருந்தாள். "ஆள் வெச்சா சரிவராது, நீ பாத்துக்கோ" என்று கணவன் சொன்ன அன்றே கடையில் சொல்லிவிட்டு வந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் ஓடுவான். வீட்டில் நின்றுபோனவை எதுவும் அவன் கண்ணில் பட்டதில்லை.

தினமும் காலையில் மாமியாரின் அறை வாசலில் ஒரு தட்டு வெளியே வரும். அதில் துண்டால் மூடிய மாஸ்க். அறைக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். முகம் கழுவி, தலைவாரி, வெளுப்பாகப் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மாமியார் வாயைத் திறப்பாள்.

துண்டை விலக்கும்போது மருமகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். சிலிகான் விளிம்பில் எச்சில் காய்ந்து வெள்ளைக் கோடாக ஒட்டியிருக்கும். மூக்கு வரும் இடத்தில் மஞ்சளாக ஒரு பிசுக்கு. உரிந்த தோல், பவுடர், ஒரு நரைமுடி… எல்லாம் குழைந்து கிடக்கும். வெந்நீரில் சோப்பைக் கரைத்து விரலால் தேய்த்தால் முதலில் வழவழவென்று நழுவும். அந்த வழவழப்பில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். குழாயை அலசித் தொங்கவிடுவாள். மெஷினுக்குள் இருக்கும் சின்னத் தண்ணீர்த் தொட்டியைத் துடைத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றி வைப்பாள். பிறகு ரொட்டியைக் கையில் எடுத்தால் விரலில் அந்த வாடை இருப்பதாகவே தோன்றும். பாதி நாள் ரொட்டி குப்பைக்கூடைக்குத்தான் போயிற்று.

பெற்ற தாய்க்கென்றால் இப்படித் தோன்றுமா என்று நினைத்து நினைத்துக் குன்றிப்போவாள். தோன்றியது என்னவோ நிஜம். கழுவியதும் நிஜம்.

சோப்பை மாற்றிப் பார்த்தாள். மெஷினின் காற்றுச் சல்லடையைப் புதிதாகப் போட்டாள். அப்படியும் மாமியாரின் கண்கள் காலையில் வீங்கிச் சிவந்து நீர் வடித்தன. நாக்கு அட்டைபோல் வறண்டிருந்தது. நாத்தனாரோ ஒவ்வொரு முறை வரும்போதும் மாஸ்க்கின் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டுப் போவாள். மூக்குத்தண்டில் புண் வந்தது அதனால்தான். சொன்னால் யார் கேட்பது?

கடைசியில் மருமகளே மருத்துவமனைக்குப் போன் செய்து, மாஸ்க் பொருத்திக் கொடுத்த டெக்னீஷியனிடம் பேசினாள்.

"காத்து நிறைய வெளிய போகுதுன்னு மெஷின்லேர்ந்து எங்களுக்கு வர்ற கணக்கு காட்டுதும்மா. கண்ணு செவக்கிறதும் அதாலதான். வெளிய போற காத்து நேரா கண்ணுல அடிக்கும். பட்டையை இறுக்கறதால ஒண்ணும் ஆகாது, விளிம்பு மடங்கி இன்னும்தான் கசியும். மாஸ்க் மூஞ்சில சரியா உக்காரலைன்னு நினைக்கிறேன். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

ஓடிவந்து சொன்னாள்.

"அங்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்றாள் மாமியார். "மாஸ்க் நல்லாத்தான் இருக்கு."

"அத்தை, ஒரே ஒரு தடவை…"

"வரமாட்டேன்னா வரமாட்டேன்!"

அந்தக் குரலில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது. எதற்குப் பயம் என்று மருமகளுக்குப் புரியவில்லை.

புரிந்தது ஒரு மத்தியானத்தில்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு மாமியாரின் அறையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. எப்போதும் உள்ளே தாழ் போட்டிருக்கும் கதவு அன்று தள்ளியதும் திறந்தது. உட்கார்ந்தபடியே தூங்கி, கட்டிலிலிருந்து சரிந்து, மாமியார் தரையில் கிடந்தாள்.

"ஐயோ அத்தை!"

தோளைப் பிடித்துத் தூக்கியவள் அந்த முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

அது மாமியாரின் முகமே இல்லை! கன்னங்கள் இரண்டும் உள்ளே இடிந்திருந்தன. உதடுகள் வாய்க்குள் சுருண்டுபோய், சுருக்குப்பையின் வாய்போல ஒரு ஓட்டைதான் தெரிந்தது. மோவாய் மூக்கைத் தொட வந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கலங்கிய தண்ணீரில் மேலும் கீழுமாக முழுப் பல்வரிசை, இளஞ்சிவப்பு ஈறோடு… சாப்பாட்டுத் துணுக்கு ஒன்று மிதந்தது.

மருமகளுக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பெண்களும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் கையைக் கிண்ணத்தில் விட்டு, பல்லை எடுத்து, திரும்பி நின்று மாட்டிக்கொண்டாள். திரும்பியபோது பழைய முகம் வந்திருந்தது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"பாத்துட்டியா…? வேலைய விட்ட வருஷம் மகள் வீட்டுல நாலு மாசம் இருந்தேனே, அப்பக் கட்டினது. ஈறுக்கு வைத்தியம்னு உங்கிட்ட சொன்னேன். என் மகனுக்குக்கூடத் தெரியாது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது."

"மாஸ்க் பொருத்தின அன்னைக்கு இது வாயில இருந்துச்சா அத்தை?"

"இருந்துச்சு."

"ராத்திரி?"

"ராத்திரி கழட்டித்தானே ஆகணும்? ஈறு வலி தாங்காதே…"

மருமகளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பல் இருக்கும் முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க்கை, பல் இல்லாத முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கிறாள். இடிந்த கன்னத்தின் இரண்டு பக்கமும் காற்று பீறிட்டுப் போகாமல் என்ன செய்யும்? மெஷின் ராத்திரியெல்லாம் ஊதியது தொண்டைக்குள்ளே அல்ல, கண்ணுக்குள்ளே!

"அந்த டெக்னீஷியன் பல்செட் உண்டான்னு கேக்கலையா?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டான். இல்லைன்னுட்டேன்."

"அண்ணி…?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு முன்னாடியே அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

மாஸ்க் பொருத்திய அன்று மருமகள் வெளியே, நோயாளிகளின் நாற்காலி வரிசையில், மூவரின் பைகளையும் மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இந்த நாடகம் நடந்திருக்கிறது. அதன்பிறகு வாரந்தோறும் வந்து 'மோந்து பாரு' என்று மாஸ்க்கை நீட்டியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி! எச்சிலும் சளியும் தராத அருவருப்பை அந்த நினைப்பு தந்தது.

"அத்தை, நாளைக்கே போவோம். பல்லைக் கழட்டிட்டு, படுத்த வாக்குல அளவு பாக்கச் சொல்வோம். சரியாயிடும்."

"என் வாயை அந்தப் பையன் முன்னாடி திறந்து காட்டணுமா? என் மகன் பாக்கணுமா? இது இல்லாம நான் பேசினா எப்படி இருக்கும் தெரியுமா? என் பேச்சு எனக்கே புரியாது! ஊரே கேட்ட குரலும்மா அது…" மாமியார் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாத. உன் கால்ல வேணா விழறேன்."

"இப்படியே போனா உயிருக்கு ஆபத்து அத்தை."

"கொஞ்சம் டயம் குடு. நானே சொல்றேன்."

மருமகள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மறுபடி வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெல்லிசாக நறுக்கிய ஆப்பிள் துண்டுகள் மாமியாரின் தட்டில் தொடாமல் கிடந்தன. தலை ஒருபக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

"தம்பி, ஒரு முடிவு எடு" என்று தொடங்கினாள் நாத்தனார். "கட்டில்லேர்ந்து விழுந்திருக்காங்களாமே! அடுத்து மாடிப்படியில விழட்டுமா? அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். அழுக்கு மாஸ்க்கால கிருமி ஏத்தி மெதுவா கொல்றதை என்னால பாத்துட்டு இருக்க முடியாது!"

"அண்ணி! என்ன வார்த்தை இது?"

"பின்ன என்னடி? கிழவி போனா நிம்மதின்னு நினைக்கிற. சொல்ல வாய் வரலை, அவ்வளவுதான்!"

மருமகள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும்.

"அக்கா சொல்றதுல என்ன தப்பு?" என்றான் அவன். "உனக்கு அருவருப்பு. கழுவும்போது உன் மூஞ்சி போற போக்கை நானே எத்தனை நாள் பாத்திருக்கேன்! அருவருப்போட செய்யற வேலை எப்படி சுத்தமா இருக்கும்?"

"பாத்தீங்களா?"

"ஆமா, பாத்தேன்."

"பாத்துட்டுப் பேசாமப் போனீங்களா? நகரு, இன்னைக்கு நான் கழுவறேன்னு ஒரு நாள் உங்களுக்குத் தோணலையா?" அவள் குரல் உடைந்தது. "ஆமாங்க, அருவருப்புதான்! குமட்டும். சாப்பாடு இறங்காது. அத்தோடதான் தினமும் கழுவறேன். ஒரு நாள் விட்டதில்லை. ஆசையா கழுவினாத்தான் அது கழுவினதுன்னு கணக்கா?"

"வாயைப் பாரு!" என்றாள் நாத்தனார்.

"கழுவறது சரியா இருந்தா அம்மா ஏன் இப்படி இருக்காங்க? அதுக்குப் பதில் சொல்லு!" என்று கணவன் மேசையைத் தட்டினான்.

பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கம் கலைந்த கிழவியின் கண்கள் அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தன. அடுத்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சட்டென்று பார்வையைத் திருப்பி, மேசை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டாள்.

'உனக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் உன்னால் உட்கார முடிகிறது…' மருமகளுக்கு அந்த அறையின் காற்றே நாறுவதுபோல் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதுல்ல? அப்ப கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல போய் இரு. அம்மா உடம்பு தேறட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவள் அழவில்லை. அறைக்குப் போய்த் துணிகளைப் பையில் வைத்தாள். மாஸ்க் கழுவும் சோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கணவனிடம் சொல்லிவிட்டு வாசல் கதவின் பிடியில் கை வைத்தாள்.

"நில்லு!"

மைக்கம்மாவின் குரல். ரயில் நிலையத்தையே நிறுத்திய குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு கையை வாய்க்குள் விட்டாள். சளப்பென்று ஒரு ஈரச் சத்தம். மேல்வரிசை வந்தது. அடுத்து கீழ்வரிசை. எச்சில் நூலாக நீள, இரண்டையும் ஆப்பிள் துண்டுகளுக்கு மேல் வைத்தாள். முகம் பொலபொலவென்று சரிந்து விழுந்தது.

"சீ! அம்மா! சாப்பிடற தட்டுல!" என்று நாத்தனார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

மகன் பேயறைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"அருவருப்பா இருக்கா?" என்றாள் தாய். வார்த்தைகள் குழைந்து, காற்றாக, எச்சிலாக வந்தன. சகரமெல்லாம் சீறியது. "பாருங்க… நல்லாப் பாருங்க. இதுதான் என் மூஞ்சி. இந்த மூஞ்சிக்கு அந்த மாஸ்க் பொருந்தலை. அவ மேல தப்பில்லை. பல்செட் இல்லைன்னு ஆஸ்பத்திரில பொய் ஷொன்னது நான்!"

"அம்மா… அக்கா அப்ப கூட இருந்தாளே?"

"இருந்தா. கேளு அவளை."

நாத்தனாரின் கண்கள் நிறைந்துவிட்டன. "நீங்கதானேம்மா சத்தியம் வாங்கினீங்க? பல்லால இவ்வளவு வரும்னு எனக்கு என்ன தெரியும்…"

"தெரியாது. ஷரி. தெரியாதவ எதுக்கு இவமேல பழி போட்ட? கொல்றாள்னு ஷொன்னியே! நானும் வாயை மூடிட்டுக் கேட்டுட்டு இருந்தேனே… என் பல்லைக் காப்பாத்திக்க ஒரு பொண்ணை வாசலுக்கு அனுப்பத் துணிஞ்சேனே…!" தாயின் தோள்கள் குலுங்கின. மருமகளைக் காட்டினாள். "அவளுக்கு எல்லாம் தெரியும்டா. ஒரு வார்த்தை ஷொல்லியிருந்தா நாங்க ரெண்டு பேரும் நாறியிருப்போம். ஷொல்லலை அவ."

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மருமகளைக் கடக்கும்போது நின்று, "நான்… அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மருமகள் கதவை அகலத் திறந்து அவளுக்கு வழிவிட்டாள். வேறெதுவும் கொடுக்க அவளிடம் அப்போது இல்லை.

கணவன் அவளுடைய துணிப்பையை வாங்கக் கை நீட்டினான்.

"மன்னிச்சிடு. நடந்தது நடந்துபோச்சு, விடு…"

"சளியைப் பாத்து வந்த அருவருப்பு சோப்புத் தண்ணியில போயிடுங்க" என்றாள் அவள். "உங்க பேச்சைக் கேட்டு வந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. அத்தைக்காகத்தான் இருக்கேன். நாளைலேர்ந்து மாஸ்க் நீங்க கழுவுங்க."

மறுநாள் காலை தொட்டியருகே அவன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. ரொட்டியை முழுதாகச் சாப்பிட்டாள்.

மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். டெக்னீஷியன் முகம் சுளிக்கவில்லை. "பல்செட் கழட்டறவங்க நிறைய பேர் வராங்கம்மா. நீங்க எப்படித் தூங்குவீங்களோ அப்படியே படுங்க" என்றான். காற்றை ஓடவிட்டு, புரண்டு படுக்கச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக மாஸ்க்குகளை மாட்டிப் பார்த்தான். கன்னத்தைத் தொடாமல், மூக்குத் துவாரத்தின் அடியில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் பொருந்தியது. வாய் திறந்துகொள்ளாமலிருக்க மோவாய்க்கு ஒரு பட்டை. இறுக்கக் கூடாது, இரண்டு விரல் நுழைய வேண்டும் என்றான். மத்தியானத் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும் என்றான். அதை மாட்டாமல்தான் மாமியார் தினமும் கண்ணயர்ந்துகொண்டிருந்தாள்.

சோர்வு ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதல் வாரம் மூக்கு அடைத்தது. மெஷின் காற்றின் ஈரத்தைக் கூட்டினார்கள். கண் சிவப்பு முதலில் போயிற்று, அப்புறம் தலைவலி. பகல் தூக்கம்தான் கடைசிவரை அடம்பிடித்தது.

ஒருநாள் காலை வெகுநேரமாகியும் மாமியாரின் அறையில் அசைவில்லை. மருமகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாமியார் அப்போதுதான் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண்கள் தெளிவாக இருந்தன.

"என்னம்மா, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சா? ஏன் எழுப்பலை? ஷெத்த மாதிரி தூங்கிட்டேன்!" சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். "தூங்கிட்டேன்மா… நெஜமாவே தூங்கிட்டேன்!"

பொக்கை வாய் கோணி அழுகையாகிவிட்டது. மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பலி குடுக்கப் பாத்தேனே… என்னை மன்னிப்பியா?"

இரவெல்லாம் மூடிக்கிடந்த வாயின் நாற்றம் பளீரென்று மருமகளின் முகத்தில் அடித்தது. இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவள், இன்று பிடிக்கவில்லை.

"அத்தை… வாய் ரொம்ப நாறுது. முதல்ல போய்க் கொப்பளிச்சிட்டு வாங்க. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்!"

மாமியார் ஒரு கணம் அசந்துபோய்ப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இருவர் கண்ணிலும் நீர் கொட்டியது… பிடித்த கையை மட்டும் இருவருமே விடவில்லை.